சுயாதீன இசையைக் கண்டடைதலும் இணைய வானொலியும்: புதுச்சேரி ஊரகச் சூழலை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

திரைப்படத்தைச் சாராமல் தமிழில் பாடல் இயற்றி, இசையமைத்து, பாடி வெளியிடுவோர் கடந்த இருபது ஆண்டுகளில் பெருகியுள்ளனர். அவர்களைக் கேட்போர் எவ்வாறு கண்டடைகின்றனர் என்பது இதுவரை போதிய அளவில் ஆராயப்படவில்லை. இணைய வானொலி இப்பணியை எவ்வாறு செய்கிறது, அதன் தொழில்நுட்பமும் சட்டநிலையும் எவை, அது தமிழில் எங்கே தடைப்படுகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. ஒலி சென்று சேர்வது மட்டும் கண்டடைதல் ஆகாது. பாடலுடன் அதை ஆக்கியோரின் பெயரும் சென்று சேர்ந்தால்தான் அது நிறைவுறும் என்பது கட்டுரையின் கருத்து. பாகூர் கொம்யூனைச் சேர்ந்த குருவிநத்தம், ஒலிபரப்பின் எல்லையை அளந்தறியும் இடமாக இங்குக் கொள்ளப்படுகிறது.

முதன்மைச் சொற்கள்: சுயாதீன இசை, இணைய வானொலி, சமுதாய வானொலி, அறிவிப்பு, பரிபாடல், நிகழ்த்துநர் உரிமை, புதுச்சேரி.

1. முன்னுரை

புதுச்சேரி மாவட்டத்தின் தென்கோடியில், தென்பெண்ணையாற்றுக்கு அண்மையில், கடலூர் மாவட்டத்தை ஒட்டி அமைந்த சிற்றூர் குருவிநத்தம். புதுவையின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூர்ப் பகுதியைச் சேர்ந்தது. இவ்வூரில் ஒரு வானொலிப் பெட்டியைத் திருப்பினால் அகில இந்திய வானொலியின் புதுச்சேரி நிலையமும் தனியார் பண்பலை நிலையங்களும் கிடைக்கும். தனியார் பண்பலைகளில் ஒலிப்பவை பெரும்பாலும் திரைப்பாடல்களே.

திரைப்படம், பெரும் இசைப்பதிவு நிறுவனம் ஆகிய இரண்டின் முதலீட்டையும் ஆணையையும் சாராமல், ஆக்குவோரே உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொண்டு வெளியிடும் இசையை இக்கட்டுரை ‘சுயாதீன இசை’ என்று வழங்குகிறது. கானா, ராப், ராக் முதலிய நகர்சார் வகைகளுடன் பறை, பம்பை, உடுக்கை, தெருக்கூத்துப் பாட்டு ஆகியவற்றை நிகழ்த்துவோரின் ஒலிப்பதிவுகளும் இவ்வரையறைக்குள் அடங்கும். முன்னவர்க்கு இணையத்தில் ஓரளவு இடம் உண்டு. பின்னவரின் பதிவுகளோ பெயரின்றியும் ஊரின்றியும் உலவுகின்றன. கட்டுரையின் அக்கறை இரு சாராரையும் ஒருங்கே தழுவியது.

2. அலைவரிசையின் எல்லை

இந்தியாவில் ஒலிபரப்பு நெடுங்காலம் அரசின் தனியுரிமையாக இருந்தது. வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வழங்கிய தீர்ப்பு இந்நிலையை மாற்றியது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி உரிமம் வழங்க அரசு முடிவு செய்தது. அதன் பயனாக அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா பண்பலை 2004 பிப்ரவரியில் ஒலிக்கத் தொடங்கியது. 2006இல் இவ்வாய்ப்பு தன்னார்வ அமைப்புகளுக்கும் விரிந்தது.

2006ஆம் ஆண்டின் நெறிமுறைகளில் இரு கூறுகள் இங்குக் கருதத்தக்கன. நிகழ்ச்சிகளில் குறைந்தது 50 விழுக்காடு உள்ளூர்ச் சமுதாயத்தின் பங்கேற்புடன் உருவாக்கப்பட வேண்டும் என்பது ஒன்று. 100 வாட் கதிர்வீச்சு ஆற்றலுக்குள், ஏறத்தாழ 5 முதல் 10 கிலோமீட்டர் வரை எட்டுவதே நிலையத்தின் இலக்கு என்பது மற்றொன்று. முதற்கூறு உள்ளூர்க் கலைஞர்க்கு வாயில் திறக்கிறது. இரண்டாவது அவ்வாயிலின் அளவைக் குறுக்குகிறது.

புதுவைப் பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலியான ‘புதுவை வாணி’ 107.8 மெகாஹெர்ட்ஸில் காலாப்பட்டு வளாகத்திலிருந்து ஒலிபரப்பாகிறது. காலாப்பட்டு புதுச்சேரி நகருக்கு வடக்கே உள்ளது. குருவிநத்தம் தெற்கே உள்ளது. இரண்டிற்கும் இடையே நேர்க்கோட்டில் 25 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு உண்டு. ஒரே மாவட்டத்தின் பல்கலைக்கழக வானொலி அதன் தென்கோடிச் சிற்றூரை அலைவழியே சென்றடைய அந்நெறிமுறை இடந்தரவில்லை. ஆரோவில் வானொலியோ தொடக்கத்திலிருந்தே இணையத்தைத் தன் ஊடகமாகக் கொண்டது. அதைக் குருவிநத்தத்திலும் கேட்கலாம், பாரிசிலும் கேட்கலாம். இணைய வானொலியில் தொலைவு தடையாவதில்லை. வேறு தடைகள் உள்ளன.

3. இணைய வானொலி இயங்கும் முறை

1994 நவம்பர் 7 அன்று, அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழக மாணவர் வானொலி தன் ஒலிபரப்பை இணையத்திலும் அனுப்பியது. வானொலி நிலையம் ஒன்று இணையத்தில் ஒலிபரப்பியதன் முதல் நிகழ்வுகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. 1990களின் இறுதியில் ஷவுட்காஸ்ட், ஐஸ்காஸ்ட் ஆகிய மென்பொருள்கள் வெளிவந்தபின், கணினியும் இணைய இணைப்பும் உடைய எவரும் நிலையம் தொடங்க இயன்றது. ஐஸ்காஸ்ட் கட்டற்ற மென்பொருள்.

இதன் அமைப்பு எளியது. நிலையத்தின் கணினி ஒலியைச் சுருக்கி, தொடர்ச்சியான ஓர் ஓடையாக வழங்கிக்கு அனுப்புகிறது. வழங்கி அவ்வோடையைப் படியெடுத்துக் கேட்போர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்புகிறது. அலைவழி ஒலிபரப்பில் கேட்போர் ஆயிரவர் ஆயினும் நிலையத்தின் செலவு கூடுவதில்லை. இணையத்திலோ ஒவ்வொரு கேட்பாளரும் ஒரு தனி ஓடை. நொடிக்கு 64 கிலோபிட் அளவில் 100 பேர் ஒரே நேரத்தில் கேட்டால் வழங்கி நொடிக்கு 6.4 மெகாபிட் அனுப்ப வேண்டும்.

கேட்போர் பக்கம் கணக்கு வேறு. 64 கிலோபிட் ஓடையை ஒரு மணிநேரம் கேட்க 28.8 மெகாபைட் செலவாகும். 128 கிலோபிட் எனில் 57.6 மெகாபைட். நாள்தோறும் மூன்று மணிநேரம் குறைந்த தரத்தில் கேட்டாலும் செலவு 86.4 மெகாபைட்தான். 2016க்குப் பின் கைப்பேசித் தரவு மலிந்த நிலையில், நாளொன்றுக்கு 1 கிகாபைட் பெறும் ஒருவர்க்கு இது பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆகவே குருவிநத்தம் போன்ற ஊரில் இணைய வானொலி கேட்பதற்குப் பொருட்செலவு பெருந்தடையாக இல்லை. எதைக் கேட்பது, அதை எங்கே தேடுவது என்பதே எஞ்சியுள்ள வினா.

4. தேர்ந்தளிப்போரின் பங்கு

பாடல் செயலிகள் ஒருவர் முன்பு கேட்டவற்றையும் அவரை ஒத்த பிறர் கேட்டவற்றையும் கொண்டு அடுத்த பாடலைப் பரிந்துரைக்கின்றன. புதிதாக வெளிவந்த பாடலுக்கு இத்தகைய தரவு இல்லை. கேட்கப்படாமையால் பரிந்துரைக்கப்படுவதில்லை, பரிந்துரைக்கப்படாமையால் கேட்கப்படுவதில்லை. தமிழில் இச்சுழல் மேலும் இறுக்கமானது. பெரும்பாலோர் திரைப்பாடலிலிருந்தே கேட்கத் தொடங்குவதால், தொடர்ந்து வருவனவும் திரைப்பாடல்களாகவே அமைகின்றன.

வானொலியில் தேர்வு மனிதரால் நிகழ்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து இயங்கும் சோமா எஃப்.எம். விளம்பரமின்றிக் கேட்போரின் நன்கொடையாலேயே நடைபெறுகிறது. அதிகம் அறியப்படாத இசைஞர்களைத் தேர்ந்து ஒலிக்கச் செய்வதே அதன் இயல்பு. புதுதில்லியில் 2017இல் தொடங்கப்பட்ட பாக்ஸவுட் எஃப்.எம். இந்தியச் சுயாதீன இசைஞர்க்கும் தொகுப்பாளர்க்கும் இணையவழி மேடையானது. நெதர்லாந்தில் உருவாகி 2016இல் வெளிவந்த ரேடியோ கார்டன், உலக உருண்டையின்மேல் நிலையங்களைப் புள்ளிகளாகக் காட்டி, ஊர்வழியே தேட வகைசெய்தது.

தமிழர்க்கு இது புதிய அனுபவம் அன்று. அகில இந்திய வானொலி 1952 முதல் திரைப்பாடல்களைப் பெரிதும் குறைத்தபோது, கேட்போர் இலங்கை வானொலியின்பால் திரும்பினர். 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்ட பின்னரும் அதன் ஈர்ப்பு குறையவில்லை. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் ஆகிய அறிவிப்பாளர்களின் பெயர்கள் பாடகர் பெயர்களுக்கு இணையாக நினைவில் நின்றன.

இலங்கை வானொலி வழியாகப் பரவியவை திரைப்பாடல்கள் மட்டுமல்ல. 1960களின் இறுதியில் நித்தி கனகரத்தினம் தமிழில் பொப் இசைப் பாடல்களைப் பாடத் தொடங்கினார், 1970களில் ஏ.ஈ. மனோகரன் புகழ்பெற்றார். திரைப்படத்தைச் சாராத இப்பாடல்கள் பாக்கு நீரிணையைக் கடந்து தமிழ்நாட்டிலும் பாடப்பட்டன. தமிழகத்துக்குள்ளும் இதற்குச் சான்று உண்டு. நாட்டுப்புறப் பாடகியான கொல்லங்குடி கருப்பாயி, 1985இல் ‘ஆண் பாவம்’ படத்தில் நடிப்பதற்கு முன்பே அகில இந்திய வானொலியில் பாடியவர். வானொலியில் ஒருவர் தேர்ந்து, அறிவித்து, ஒலிக்கச் செய்தமையால் கலைஞர் கண்டறியப்பட்டமைக்கு இவை எடுத்துக்காட்டுகள்.

5. பெயர் குறித்தல்: தமிழ் மரபும் இணைய ஓடையும்

பாடலுக்கு முன்னோ பின்னோ ஆக்கியோர் பெயரைச் சொல்லுதல் வானொலி அறிவிப்பின் அடிப்படைக் கடமை. தமிழிசை மரபில் இதற்குத் தொன்மையான முன்மாதிரி பரிபாடலில் உள்ளது. கிடைத்துள்ள பரிபாடல்களுள் பெரும்பாலானவற்றின் இறுதிக் குறிப்பில், பாடிய புலவர், இசை வகுத்தவர், பண் ஆகிய மூன்றும் தரப்பட்டுள்ளன. பெட்டனாகனார், நன்னாகனார், மருத்துவன் நல்லச்சுதனார் முதலிய இசை வகுத்தோரை இன்று நாம் அறிவது அக்குறிப்புகளாலேயே. அவர்கள் அமைத்த இசை மறைந்தது, பெயர்கள் எஞ்சின. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளைத் தனித்தனியே வரையறுக்கிறது. ஒரு நிகழ்வைப் பலர் கூடி ஆக்குகின்றனர் என்ற தெளிவு அம்மரபில் இருந்தது.

மறுதலையான நிலையும் நம் இலக்கியத்திலேயே உண்டு. குறுந்தொகைப் புலவர் சிலரின் இயற்பெயர் தெரியாமையால், அவர்தம் பாடலில் வரும் தொடரே பெயராயிற்று. செம்புலப்பெயல்நீரார் என்பது அவ்வாறு அமைந்தது. இன்று கைப்பேசிகளில் உலவும் கூத்துப் பாட்டும் இறப்புச் சடங்குப் பாட்டும் ‘பம்பை பாட்டு’, ‘கிராமத்துப் பாட்டு’ என்ற பொதுப்பெயரால் மட்டும் சுட்டப்படுகின்றன. பாடியவர் உயிருடன் இருக்கும்போதே பெயரற்றவராகிறார்.

இணைய ஓடையில் ஒலியுடன் சிறு எழுத்துக்குறிப்பும் பயணம் செய்கிறது. கேட்போர் திரையில் தோன்றும் பாடகர் பெயரும் பாடற்பெயரும் இக்குறிப்பின் வழியே வருவன. வழக்கமான அமைப்பில் இது ஒற்றை வரி: ஒரு கலைஞர், ஒரு தலைப்பு. எழுதியவர், இசையமைத்தவர், பறை அடித்தவர், ஊர் ஆகியவற்றுக்கு அதில் தனியிடம் இல்லை. பரிபாடலின் ஏட்டுக்குறிப்பு தாங்கிய செய்தியின் ஒரு பகுதியையே இவ்வொற்றை வரி தாங்குகிறது. பெயரைத் தமிழில் ஒருவரும் ஆங்கில எழுத்தில் பலவாறு பிறரும் எழுதுவதால், தேடும்போது ஒரே கலைஞர் பலராகச் சிதறுதலும் உண்டு.

பெயர் குறித்தல் வெறும் மரியாதை அன்று. 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ உலகளவில் கேட்கப்பட்ட தமிழ்ச் சுயாதீனப் பாடல். அதன் பாடல்வரிகளை எழுதியவராக வெளியீட்டில் குறிக்கப்பெற்றவரும், பாடகி தீயுடன் அதைப் பாடியவருமான அறிவு, அவ்வாண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் இடம்பெறவில்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் இதைக் கண்டித்தனர். பின்னர் அவ்விதழ் அறிவை மின்னட்டையில் வெளியிட்டது. தோட்டத் தொழிலாளராக வாழ்ந்த மூதாதையரின் நினைவைத் தாங்கிய பாடல் அது. அத்தகைய பாடலிலேயே பெயர் விடுபட்டமையால் இவ்விவாதம் இசைத்துறைக்கு வெளியேயும் எதிரொலித்தது. அயோத்திதாசரின் ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்னும் கருத்தாக்கத்திலிருந்து பெயர் பெற்று, 2018 ஜனவரியில் சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்திய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, கானாவையும் பறையையும் மேடையின் நடுவில் நிறுத்தியமையும் இப்பின்னணியில் பொருள்பெறுகிறது. எவரின் இசை, எவர் பெயரால் அறியப்படுகிறது என்பதே இரண்டிலும் அடிப்படை வினா.

6. சட்டநிலை: தடையும் வாய்ப்பும்

இணைய வானொலிக்கு அலைவரிசை உரிமம் தேவையில்லை. பதிப்புரிமை அனுமதி தேவை. ஒரு பாடலில் பாடல்வரி, இசையமைப்பு, ஒலிப்பதிவு என மூன்று தனித்தனி உரிமைகள் உள்ளன. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில், 2012இல் சேர்க்கப்பட்ட 31டி பிரிவு, உரிய கட்டணம் செலுத்திப் பாடல்களை ஒலிபரப்பச் சட்டவழி உரிமத்தை ஏற்படுத்தியது. இப்பிரிவு இணைய ஒலிபரப்புக்குப் பொருந்தாது என்று டிப்ஸ், விங்க் நிறுவனங்களுக்கிடையிலான வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2022இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது. எனவே திரைப்பாடலை ஒலிக்கச் செய்ய விரும்பும் சிறு இணைய நிலையம் உரிமையாளர்களிடம் நேரடியாகப் பேசி உரிமம் பெற வேண்டும். அதற்கான பொருள்வலிமை சிறு நிலையங்களுக்கு அரிது. அமெரிக்காவிலும் சிறு நிலையங்களுக்கான சலுகைக் கட்டணம் 2015 இறுதியில் முடிவுற்றபோது, பலருக்கு மேடையாக இருந்த லைவ்365 2016 ஜனவரி இறுதியில் மூடப்பட்டு, மறு ஆண்டில் வேறு நிருவாகத்தில் மீண்டது.

இத்தடையே சுயாதீன இசைக்கு வாய்ப்பாகிறது. மூன்று உரிமைகளும் ஆக்கியோரிடமே இருக்கும்போது, அவர்கள் எழுத்துவழி இசைவு தந்தால் போதும். திரைப்பாடலை வாங்க இயலாத நிலையமும், திரைப்பாடலால் மறைக்கப்பட்ட கலைஞரும் ஒருவர்க்கொருவர் தேவைப்படுகின்றனர். இசைவுப் படிவம் கலைஞர்க்குப் புரியும் தமிழில் இருத்தலும், ஒலிபரப்புக்கு மட்டும் இசைவு தருவதையும் உரிமையை முழுமையாக மாற்றித் தருவதையும் அது வேறுபடுத்திக் காட்டுதலும் இன்றியமையாதன.

மரபுப் பாடல்களில் நுட்பமான வேறுபாடு உண்டு. வழிவழி வந்த பாட்டுக்கு அறியப்பட்ட ஆசிரியர் இல்லை. ஆனால் அதை நிகழ்த்துபவர்க்கு உரிமை உண்டு. சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துநர் உரிமையை 50 ஆண்டுகளுக்கு வழங்குகிறது. 2012இல் சேர்க்கப்பட்ட 38பி பிரிவு, நிகழ்த்தியவராகத் தம்மை அடையாளங்காட்டக் கோரும் உரிமையையும் தருகிறது. பயன்பாட்டின் தன்மையால் பெயர் விடுபட நேரும் சூழல் மட்டும் இதற்கு விலக்கு. ஆகவே நடுநாட்டுச் சிற்றூர் ஒன்றில் பம்பைக் கலைஞரின் பாட்டைப் பதிந்து பெயரின்றி ஒலிபரப்புதல் பண்பாட்டுப் பிழை மட்டுமன்று. சட்டம் அவர்க்கு அளித்துள்ள உரிமையைப் புறக்கணிப்பதும் ஆகும்.

7. செயற்படத்தக்க வழி

மேற்கண்டவற்றிலிருந்து, பல்கலைக்கழக, கல்லூரித் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க எளிய பணி ஒன்று புலனாகிறது. புதிய நிலையம் தொடங்குவதினும், இருக்கும் சமுதாய வானொலியின் ஒரு மணிநேர நிகழ்ச்சியைச் சுயாதீன இசைக்கு ஒதுக்கி, அதை இணைய ஓடையிலும் தருதல் தகும். ஒவ்வொரு பாடலுக்கும் ஆறு செய்திகள் தமிழில் பதியப்பட வேண்டும்: எழுதியவர் அல்லது வழிவழிப் பாட்டு என்ற குறிப்பு, இசையமைத்தவர், பாடியவர், கருவியிசைத்தோர், ஊர், பதிவு செய்த ஆண்டு. பண்ணோ மெட்டோ தெரிந்தால் ஏழாவதாகச் சேர்க்கலாம். ஓடையின் ஒற்றை வரியில் இவை அடங்கா. எனவே அறிவிப்பாளர் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். எழுத்தைப் படிக்க இயலாதவரும், வயலிலோ வண்டியிலோ திரையைப் பார்க்க நேரமில்லாதவரும் அப்பெயரைக் கேட்டு அறிவர். நிகழ்ச்சி முடிந்தபின் இக்குறிப்புகளைத் தொகுத்து வைத்தால், வருங்கால ஆய்வாளர்க்கு அது முதன்மைத் தரவாகும்.

களப்பணியில் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டும் ஆய்வாளர் பலரிடம் ஒலிப்பதிவுகள் தேங்கியுள்ளன. ஆய்வேடு ஏற்கப்பட்டபின் அவை கேட்பாரற்றுப் போதல் வழக்கம். பாடியோரிடம் மீண்டும் சென்று இசைவு பெற்று அவற்றை ஒலிபரப்பினால், அப்பாட்டு அதைத் தந்த ஊருக்கே பெயருடன் திரும்பும்.

8. முடிவுரை

அலைவழி ஒலிபரப்பு தொலைவால் வரையறுக்கப்படுவது. இணைய வானொலி அவ்வரையறையை நீக்கியது. குருவிநத்தத்தில் இருப்பவர் இன்று தில்லி நிலையத்தையும் சான் பிரான்சிஸ்கோ நிலையத்தையும் சிறு தரவுச் செலவில் கேட்க இயலும். எனினும் தமிழ்ச் சுயாதீன இசைஞர் அவ்வழியே தாமாக அறியப்படுவதில்லை. அவர்களைத் தேர்ந்தளிப்போர் வேண்டும். ஆக்கியோர் அனைவரையும் பெயர்சுட்டி அறிவிக்கும் ஒழுங்கும் வேண்டும். இலங்கை வானொலியின் அறிவிப்பு மரபும், பரிபாடலின் இறுதிக் குறிப்பும், நிகழ்த்துநர்க்குச் சட்டம் தரும் உரிமையும் இவ்வொழுங்கிற்கு ஆதாரமாகின்றன. உரிமச் சிக்கலால் திரைப்பாடலை அணுக இயலாத சிறு இணைய நிலையங்கள், தம் நேரத்தைச் சுயாதீன இசைக்கு அளிப்பது பொருளியல் நோக்கிலும் பொருத்தமானது. தென்பெண்ணைக் கரையில் பம்பை அடிப்பவரின் பெயர், அவர் பாட்டுடன் ஒலிபரப்பாகும் நிலை ஏற்படுமாயின், இணைய வானொலி அவ்வூரார்க்குக் கேட்கும் கருவியாக மட்டுமின்றிப் பேசும் கருவியாகவும் அமையும்.